தடங்கல் இல்லாமல் ஓடுகிறது

பிப்ரவரி 3

அண்ணி,

ஃபோனில் என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். என்னை மட்டுமா, எங்கள் வீட்டையே மொத்தமாகத் தடுத்துவிட்டீர்கள். மெயிலைத் தடுக்க மறந்திருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

இரண்டு விஷயம். ஆபீஸ் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவைப் பற்றி முதலில் எழுதினால், அவரைச் சாக்கு வைத்து வேலை வாங்கப் பார்க்கிறாள் என்று நினைப்பீர்கள்.

நீங்கள் எழுதிய வீடியோ எஞ்சின் புதிய கம்ப்யூட்டர்களில் ஓடவில்லை. வெறும் கறுப்புத் திரை. போன வாரம் ஒரு தெரபிஸ்ட் அழைத்து, "நோயாளி ஒரு வாய் தண்ணி முழுங்குறாரு. அது வயித்துக்குப் போகுதா, மூச்சுக்குழாய்ல இறங்குதான்னு நான் எக்ஸ்ரே வீடியோவுல பார்க்கணும். நீங்க எனக்கு இருட்டைக் காட்டுறீங்க" என்று ஒரு பிடி பிடித்துவிட்டார். பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு வெளியிலிருந்து ரெடிமேடாக ஒன்றை வாங்கி மாட்டச் சொல்லி, வேலையை அண்ணன் என் தலையில் கட்டிவிட்டான். மாத முடிவுக்குள் எல்லா கிளினிக்குக்கும் தருவதாக வாக்கும் கொடுத்துவிட்டான்.

உங்கள் நிரலில் ஒரு பகுதி மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. ஒவ்வொரு தனிப் படமும் திரையில் வந்து சேரும்வரை அடுத்ததற்குப் போகவிடாமல் வீடியோவையே நிறுத்திப் பிடித்துவைக்கிறது. அதனால்தான் அவ்வளவு திக்கித் திக்கி ஓடுகிறது என்று நினைக்கிறேன். மேலே விளக்கம் என்று ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "இதைத் தொடாதே." ஏன் தொடக்கூடாது? புதியதிலும் இது வேண்டுமா?

இனி அப்பா. நீங்கள் போன மறுமாதம் பக்கவாதம் வந்தது. சொல்லி அனுப்பியிருப்பார்கள். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். வலது பக்கம் இழுக்கிறது, பேச்சு குழறுகிறது. விழுங்குவது சரியில்லை என்று மூக்கு வழியாகக் குழாய் போட்டிருக்கிறார்கள். எல்லாமே அந்தக் குழாயில்தான். இந்த மாதம் திரும்பவும் சோதனை. தேறிவிட்டால் குழாயை எடுத்துவிட்டு வாயால் சாப்பிடலாம். அந்த ஒரு நாளுக்காகத்தான் மனிதர் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். சோதனை செய்யும் கிளினிக்கில் இருப்பதும் நம் மென்பொருள்தான்.

உங்களைப் பற்றிக் கேட்கிறார்.

வாண்டு

பிப்ரவரி 9

வாண்டு,

மெயிலைத் தடுக்க மறக்கவில்லை. மின்சார பில் அதில்தான் வருகிறது.

நன்றாக இருக்கிறேன். கேட்கவில்லை நீ, இருந்தாலும் சொல்கிறேன். சலவைக் கடைக்கு மேலே ஒரு ரூம். கீழே இஸ்திரி போடப் போட மேலே தரை சுடும். பஸ் டிக்கெட் பதிவு செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை. அங்கே என்னை யாரும் ஆமை என்று கூப்பிடுவதில்லை.

இத்தனை மாதம் என் நினைப்பு வராதவளுக்கு எஞ்சின் நின்றதும் வந்துவிட்டது. அன்றைக்குக் கூட்டத்தில் அத்தனை கிளினிக் ஆட்களை வைத்துக்கொண்டு உன் அண்ணன் என்ன சொன்னார்? "இந்த ஆமையை எழுதினது என் வீட்டுக்காரி. அவளை மாதிரியே இதுவும் சொன்னா நகராது." எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும், அவர்கள் யாரோ. நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாயே, அதை நான் பார்த்தேன். பக்கத்து மேஜையில் உட்கார்ந்து இரண்டு வருஷம் என்னிடம் வேலை கற்றவள் நீ. வீட்டுக்கு வந்து கேட்டதற்கு, "தமாஷுக்குச் சொன்னதைப் போய்ப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குறே" என்றார். மறுநாளே எஞ்சின் பொறுப்பை வெளியிலிருந்து வந்த ஒருவனிடம் தூக்கிக் கொடுத்தார். அவன் மூன்று மாதத்தில் ஓடிவிட்டானாமே. நல்ல காரியம்.

"இதைத் தொடாதே" என்றால் தொடாதே. ஏன் என்று தெரியவேண்டுமானால் உன் அண்ணன் என்னைக் கேட்கட்டும். ஒரு வரி போதும். அவருக்குக் கை சுளுக்கிக்கொள்ளாது.

மாமாவுக்கு வாயைச் சுத்தம் செய்வது யார்? குழாயில்தானே போகிறது என்று விட்டுவிடாதீர்கள். காலையிலும் மாலையிலும் செய்யவேண்டும். புரையேறினால், யாரோ நினைக்கிறாங்க என்று சிரித்துக்கொண்டு தலையில் தட்டுவாரே உன் அண்ணன், அதெல்லாம் வேண்டாம். நிமிர்த்தி உட்கார வையுங்கள்.

நான் கேட்டதாக அவரிடம் சொல்.

பிப்ரவரி 16

அண்ணி,

சிரித்தேன். உண்மைதான். முதலாளி அண்ணனாகவும் இருந்தால் அவன் தமாஷுக்குச் சிரிக்காமல் இருப்பது கஷ்டம். உங்களுக்கு அது தெரியாததா? நீங்களும் எத்தனையோ தடவை சிரித்தவர்தானே.

நீங்கள் சொன்னதை அண்ணனிடம் அப்படியே சொன்னேன். "அவ கிட்ட போய் நான் கெஞ்சணுமா? நீ பாட்டுக்கு வேலையைப் பாரு" என்றான். இரண்டு பேருக்கும் நடுவில் நான் தபால்காரி. எத்தனை நாளைக்குத்தான் செய்வது?

நம் ஆபீஸில் எதையும் எழுதிவைக்கும் பழக்கமே இருந்ததில்லை. சந்தேகம் வந்தால் ராத்திரி சாப்பாட்டு மேஜையில் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவோம். எதை ஏன் செய்தோம் என்பதெல்லாம் அந்த மேஜையில்தான் இருந்தது. நீங்கள் எழுந்து போனதும் மேஜையும் போய்விட்டது. இப்போது அண்ணன் சாப்பிடுவதே ஆபீஸில்தான்.

புதிய எஞ்சினை மாட்டிவிட்டேன். சும்மா சொல்லக்கூடாது, தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. பழைய கம்ப்யூட்டரில்கூட எங்கேயும் நிற்கவில்லை. உங்கள் நிறுத்திப் பிடிக்கும் பகுதியை அப்படியே எடுத்துவிட்டேன். அதைப் புதியதில் பொருத்த வழியும் தெரியவில்லை, பொருத்தக் காரணமும் தெரியவில்லை. இன்று முதல் தொகுதி கிளினிக்குகளுக்குப் போய்விட்டது. "இத்தனை நாள் இப்படிக் கொடுத்திருக்கக்கூடாதா?" என்று ஒரு தெரபிஸ்ட் அழைத்துப் பாராட்டினார். அண்ணன் முகத்தில் பல் தெரிந்து ரொம்ப நாளாயிற்று, இன்று தெரிந்தது.

வெள்ளிக்கிழமை அப்பாவுக்குச் சோதனை. புதியதில்தான் பார்க்கப்போகிறார்கள். கடைசியாகக் கேட்கிறேன். எடுத்ததில் ஏதாவது விவகாரம் இருந்தால் சொல்லிவிடுங்கள். அண்ணனுக்காக வேண்டாம், எனக்காகவும் வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு அண்ணன் மேல்தான் கோபம். ஆனால் அப்பா விழுந்த அன்று ஆம்புலன்ஸில் நான் ஒருத்திதான் உட்கார்ந்திருந்தேன். உங்களுக்கு அடித்தேன், அடித்தேன், மணியே போகவில்லை. அதையும் உங்கள் கணக்கில் எங்கேயாவது எழுதிக்கொள்ளுங்கள்.

வாண்டு

பிப்ரவரி 23

வாண்டு,

இந்தப் பதிலை நான் பதினெட்டாம் தேதியே எழுதிவிட்டேன். அனுப்பவில்லை. அனுப்பாததற்கு நல்ல காரணம் எதுவும் என்னிடம் இல்லை. உன் அண்ணன் ஒரு வரி எழுதுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆபீஸிலிருந்து வந்தால் முதலில் மெயிலைத் திறப்பது, இல்லை என்றதும் மூடுவது, இதுதான் வேலையாக இருந்தது. வெள்ளிக்கிழமை வந்ததும் போனதும் எனக்குத் தெரியும். இனியும் கையில் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. அன்று எழுதியதை அப்படியே கீழே போடுகிறேன்.

"சினிமா ஓட்டுவதற்கென்று செய்த எஞ்சின்களுக்கு நேரம்தான் முக்கியம். நொடிக்கு முப்பது படம் வரவேண்டிய இடத்தில் கம்ப்யூட்டர் திணறினால், நாலைந்து படத்தை விட்டுவிட்டு மேலே ஓடிவிடும். பார்ப்பவருக்குத் தெரியாது, கதை புரிந்தால் போதும். நம் வேலை அப்படியா? தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் எட்டிப்பார்ப்பது சில பேருக்கு ஒரே ஒரு படத்தில்தான் தெரியும். பக்கவாதம் வந்தவர்களில் பலருக்குப் புரையேறினாலும் இருமல் வராது, அதனால் வெளியே ஒரு அறிகுறியும் இருக்காது. அந்த ஒரு படத்தை விட்டுவிட்டால் விட்டதுதான். அதனால்தான் ஒவ்வொரு படமும் திரைக்கு வந்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் வீடியோ நிற்கட்டும் என்று வேண்டுமென்றே அப்படி எழுதினேன். ஒவ்வொரு படமாக நகர்த்தும் பொத்தானையும் பார். புதியதில் அது படத்தை எண்ணாது, நேரத்தைக் கணக்குப் போட்டுத் தாவும். தெரபிஸ்ட் நிறுத்தி நிதானமாகப் பார்த்தாலும் அகப்படாது. இதைச் சரிசெய்யாமல் ஒரு கிளினிக்குக்கும் கொடுக்காதே."

இதைத்தான் அனுப்பவில்லை. மாமாவின் சோதனை தள்ளிப்போயிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். அவை எப்போதும் தள்ளிப்போகும். தள்ளிப்போயிற்று என்று ஒரு வரி எழுது.

பிப்ரவரி 26

அண்ணி,

தள்ளிப்போகவில்லை.

வெள்ளிக்கிழமை சோதனை நடந்தது. நானும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். எக்ஸ்ரேயில் கறுப்பாகத் தெரியும் மருந்து கலந்த தண்ணீரை அப்பா மூன்று வாய் விழுங்கினார். தெரபிஸ்ட் அவசரப்படவில்லை அண்ணி, அதைச் சொல்லியே ஆகவேண்டும். திரும்பத் திரும்ப ஓட்டினார், நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். "நல்லாவே முழுங்குறாரு" என்றார். நான் பெருமையாக நின்றுகொண்டிருந்தேன். எவ்வளவு சீராக ஓடுகிறது பார் என்று என் மனசு எஞ்சினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, அப்பாவை அல்ல.

அன்று சாயங்காலமே குழாயை எடுத்துவிட்டார்கள். ஸ்பூனில் தண்ணீர், அப்புறம் கஞ்சி, அப்புறம் காப்பி. "இன்னும் கொஞ்சம்" என்று கேட்டு வாங்கிக் குடித்தார். இருமல் இல்லை, ஒன்றும் இல்லை. செவ்வாய்க்கிழமை காய்ச்சல். இப்போது ஐ.சி.யூ.வில் இருக்கிறார், இரண்டு நுரையீரலிலும் சளி கட்டிவிட்டது. உள்ளே போனதுதான் காரணம் என்கிறார்கள்.

டாக்டருக்காக வெளியே காத்திருந்தபோது, இன்றுதான் உங்கள் மெயிலைப் பார்த்தேன். படித்துவிட்டு நேராக ஆபீஸுக்குப் போனேன். ஸ்டோர் ரூமில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் உங்கள் எஞ்சின் இன்னும் இருக்கிறது. அப்பாவின் வீடியோவை அதில் போட்டேன். திக்கித் திக்கி ஓடி, இரண்டாவது வாயில் நின்றது. அங்கே இருக்கிறது அந்தப் படம். நூல் மாதிரி ஒரு கறுப்புக் கோடு, குரல் நாண்களுக்குக் கீழே, மூச்சுக்குழாய்க்குள் இறங்குகிறது. புதியதில் போட்டால் அந்த இடத்தை ஒரே தாவாகத் தாண்டிப் போகிறது. பத்து தடவை போட்டாலும் அதே தாவு.

உங்களைத் திட்டுவதா, என்னை நானே அறைந்துகொள்வதா தெரியவில்லை. பதினெட்டாம் தேதி, அண்ணி. இரண்டு நாள் இருந்தது.

பதினாறாம் தேதியிலிருந்து அந்த எஞ்சினில் சோதனை பார்த்தவர் அப்பா ஒருவர் மட்டும் இல்லை. அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. என்ன செய்யவேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

பிப்ரவரி 26

உடனே எல்லா கிளினிக்குக்கும் எழுது. இன்றைக்கே. புதிய எஞ்சினை நிறுத்தச் சொல். பதினாறுக்குப் பிறகு தேறியதாகச் சொன்ன ஒவ்வொருவரின் வீடியோவையும் பழையதில் திரும்பப் பார்க்கச் சொல். பழைய கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் வீடியோவை உனக்கு அனுப்பட்டும். உன் அண்ணனிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்காதே.

புதியதில் படம் விடாமல் ஓட்டும் பகுதியை நான் எழுதித் தருகிறேன். லீவு போட்டுவிட்டேன். நாளைக்குள் வரும். என் பெயர் எங்கேயும் வேண்டாம்.

திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. எனக்கு வீம்பு பெரிதாகிவிட்டது. மாமா அந்த வீட்டில் என்னை ஒருநாளும் மனம் நோகப் பேசியதில்லை. என் வீம்புக்கு அவர்தானா அகப்பட்டார்?

அவர் கண் விழித்தால் ஒரு வரி எழுது.

மார்ச் 8

அண்ணி,

நீங்கள் அனுப்பிய பகுதி சரியாக வேலை செய்கிறது. அப்பாவின் வீடியோவை அதில் போட்டுத்தான் சோதித்தேன். அந்தப் படம் வருகிறது.

அப்பா ஐ.சி.யூ.விலிருந்து வெளியே வந்துவிட்டார். ஆனால் வயிற்றில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்துவிட்டார்கள். நுரையீரல் இனி ஒரு தடவை தாங்காதாம். வாயால் சாப்பிடும் பேச்சையே எடுக்கவேண்டாம் என்கிறார் டாக்டர். முதலிலேயே தேறவில்லை என்று தெரிந்திருந்தால் பயிற்சி கொடுத்து நாலைந்து மாதத்தில் தேற்றியிருக்கலாம் என்றும் சொன்னார். அதை ஏன் என்னிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

கிளினிக்குகளுக்கு அறிவிப்பு போய்விட்டது. அது போன விதத்தை நான் சொல்லாவிட்டாலும் வேறு யாராவது உங்களுக்குச் சொல்லிவிடுவார்கள். அதனால் நானே சொல்கிறேன்.

உங்கள் மெயில் வந்ததும் எழுதி முடித்துவிட்டேன். ஆனால் கிளினிக்குகளின் முகவரி எல்லாம் அண்ணனின் கணக்கில் இருக்கிறது, அவன் கடவுச்சொல் இல்லாமல் திறக்க முடியாது. சொல்லத்தான் வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துச் சொன்னேன். சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். அழுதான். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "நாம மாட்டின எஞ்சின்னு போட்டா நாளைக்கே கம்பெனியை மூடணும். முன்னாடி இருந்தவங்க விட்டுட்டுப் போன குறைன்னு போடு. போடுறதா இருந்தா அனுப்பு, இல்லேன்னா அப்பா வீட்டுக்கு வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றான்.

அப்புறம் என்றால் எத்தனை பேர் தண்ணீர் குடிப்பார்கள் அண்ணி? சண்டை போட்டேன். அவன் அசையவில்லை. கடைசியில், "முன்பு பணியாற்றிய நிரலாளர் விளக்கமின்றி விட்டுச்சென்ற குறையினால் சில படங்கள் விடுபடுகின்றன" என்று என் கையாலேயே எழுதி அனுப்பினேன். உங்கள் பெயர் அதில் இல்லை. திரும்பப் பார்த்ததில் வேறு ஊர்களில் இரண்டு பேர் அகப்பட்டார்கள். ஒருவருக்குக் காய்ச்சல் ஆரம்பித்திருந்தது. இரண்டு பேரும் பிழைத்துக்கொண்டார்கள்.

அப்பாவிடமும் அண்ணன் அதையே சொல்லிவிட்டான். நீங்கள் எழுதியதில் தப்பு இருந்தது என்று. நான் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

வாண்டு

மார்ச் 12

வாண்டு,

என் பெயர் அதில் இல்லை என்கிறாய். உன் அண்ணனின் கம்பெனியில் அந்த எஞ்சினை எழுதிய முன்னாள் நிரலாளர் எத்தனை பேர்? பஸ் டிக்கெட் வேலை சலித்துப்போய், ஸ்கேன் மெஷின் செய்யும் கம்பெனி ஒன்றில் விண்ணப்பித்திருந்தேன். பேசி முடித்துவிட்டார்கள், மாதப் பிறப்பில் சேரவேண்டியது. நேற்று அழைத்து, "உங்க பழைய வேலையைப் பத்தி ஒரு அறிவிப்பு பார்த்தோம்" என்றார்கள். விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். அவர்கள் கேட்டுக்கொள்ளும் அவசரத்தில் இல்லை.

நீ செய்ததைத் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதுதான் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. நான் அந்த இடத்தில் இருந்தாலும் அதையே எழுதி அனுப்பியிருப்பேன். இப்போது மறுத்து எழுதினால் கிளினிக்குக்காரர்களுக்கு அறிவிப்பின் மேலேயே சந்தேகம் வரும். இன்னும் திரும்பப் பார்க்காத வீடியோக்கள் இருக்கும். அதனால் வாயை மூடிக்கொண்டிருக்கப் போகிறேன். ஊர் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும். உன் அண்ணனும் நன்றாக இருக்கட்டும், அவருக்கு எப்போதும் தடங்கல் இல்லாமல்தானே ஓடும்.

ஆனால் மாமா அப்படி நினைத்துக்கொண்டு படுத்திருக்கக்கூடாது. அந்த எஞ்சினை எழுதும்போது, சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் உட்கார்ந்து, "மெதுவாப் போனா போகட்டும்மா, ஒண்ணையும் விட்டுடாதே" என்று சொன்ன ஒரே மனிதர் அவர். நீ போய் அவரிடம் உண்மையைச் சொல். முழுசாகச் சொல். உனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிச் சொல்லாதே. உன்னிடம் நான் கேட்பது இது ஒன்றுதான். சொன்ன பிறகு எனக்கு எழுதவேண்டிய அவசியம் உனக்கு இருக்காது.

மார்ச் 16

அண்ணி,

எழுதவேண்டாம் என்றீர்கள். இது ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன்.

நேற்று மத்தியானம் அப்பாவிடம் சொன்னேன். அண்ணனை வெளியே இருக்கச் சொன்னேன், போகவில்லை. கட்டில் கால்மாட்டில் நின்றான். நானாகச் சொன்னால் எங்கேயாவது எனக்குச் சாதகமாக வளைத்துவிடுவேன் என்று பயமாக இருந்தது. அதனால் நாம் எழுதிக்கொண்டதை எல்லாம் ஃபோனில் திறந்து, ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினேன்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்டார். ஆமை என்று வந்த இடத்தில் கண்ணைத் திறந்து அண்ணனைப் பார்த்தார். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நிறுத்திப் பிடிக்கும் பகுதியை நான் எடுத்துவிட்டேன் என்று வந்த இடத்தில் என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டு படித்தேன்.

உங்கள் இருபத்திமூன்றாம் தேதி மெயிலைப் படித்து முடித்ததும் இடது கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். ஏதோ கேட்டார். பேச்சு குழறியது, எனக்குப் புரியவில்லை. காதைப் பக்கத்தில் கொண்டுபோய்த் திரும்பக் கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை எனக்கு டெஸ்ட்டுன்னு அவளுக்கு முன்னாடியே தெரியுமா?" என்றார்.

அண்ணனும் திரும்பி என்னைப் பார்த்தான். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். நீங்கள் முழுசாகச் சொல்லச் சொல்லியிருந்தீர்கள்.

தெரியும்ப்பா என்று சொன்னேன்.